கேபிளைப் பிடுங்கினால் கர்னல் ஏன் விழுகிறது?

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன், தப்பாக இருந்தால் திருத்துங்கள். யூஎஸ்பியில் இணையும் ஒரு டேட்டா லாகருக்கு லினக்ஸ் டிரைவர் எழுதியிருக்கிறீர்கள். அப்ளிகேஷன் டிவைஸ் ஃபைலைத் திறந்து படித்துக்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்கினால், பத்துத் தடவையில் மூன்று தடவை லினக்ஸின் மையமான கர்னல், ஊப்ஸ் என்ற பிழை அறிக்கையை அடித்து விழுகிறது. ரீட் ஃபங்ஷனில் நல் செக் (பாயிண்டர் காலியா என்ற சோதனை) போட்டீர்கள், குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. மெமரியை டெவ்எம் (வாங்கும் வளங்களைக் கருவியோடு கட்டிவைக்கும் கர்னல் வசதி) மூலமாகத்தான் வாங்கியிருக்கிறேன், அது தானாகவே விடுவித்துவிடும் என்றார்களே, பிறகு ஏன் இப்படி, எல்லா இடத்திலும் கேரெஃப் (ஒன்றை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணும் கவுண்டர்) போட்டால் சரியாகிவிடுமா என்று கேட்கிறீர்கள். டெவ்எம்மா கேரெஃபா என்பது மேலே தெரியும் கேள்வி. அடியில் இருப்பது இதுதான்: உங்கள் ஸ்ட்ரக்ட் (கருவிக்கான டேட்டாவை மெமரியில் வைத்திருக்கும் தொகுப்பு) எப்போது சாக வேண்டும், அதை யார் முடிவு செய்கிறார்கள்? உங்கள் கோடில் இதற்கு இப்போது பதில் இல்லை. பதினைந்து வருடமாக இந்த மாதிரி டிரைவர்களை எழுதியும், அடுத்தவர் எழுதியதைப் பழுது பார்த்தும் வருகிறேன். நான் கையில் எடுத்த இந்த வகை பக்குகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டதால் வந்தவை. லினக்ஸ் பற்றி மட்டும் பேசுகிறேன், விண்டோஸ் டிரைவர்களில் நான் வேலை செய்ததில்லை.

உங்கள் டிரைவரில் இரண்டு ஆயுள் இருக்கிறது. ஒன்று கருவியின் ஆயுள்: ப்ரோப்பில் (செருகியதும் கர்னல் கூப்பிடும் ஃபங்ஷன்) தொடங்கி டிஸ்கனெக்டில் (கழற்றியதும் கூப்பிடுவது) முடிகிறது, கேபிளைப் பிடுங்குபவர்தான் அதை முடிக்கிறார். இன்னொன்று அந்தக் கருவிக்காக மெமரியில் நீங்கள் வைத்திருக்கும் ஸ்ட்ரக்டின் ஆயுள். அதைத் திறந்த ஃபைல் ஒவ்வொன்றும், ஓடிக்கொண்டிருக்கும் டைமர் ஒவ்வொன்றும் பிடித்துக்கொண்டிருக்கும். இதில் கடைசி ஆள் கையை விடும்வரை அது உயிரோடு இருந்தாக வேண்டும். டெவ்எம் முதல் ஆயுளோடு கட்டப்பட்டது. டிஸ்கனெக்ட் முடிந்து டிரைவரும் கருவியும் பிரிந்த உடனே, டெவ்எம் வழியாக வாங்கியதையெல்லாம் வாங்கிய வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் கர்னல் விடுவித்துவிடும். ஃபைல் இன்னும் திறந்திருக்கிறதா என்று அது பார்க்காது, பார்ப்பது அதன் வேலையும் கிடையாது. 2007-ல் 2.6.21 கர்னலில் தேஜுன் ஹியோ என்ற கர்னல் டெவலப்பர் இதைக் கொண்டுவந்தது, ப்ரோப் பாதியில் தோற்றால் வாங்கிய வளங்களை ஒழுங்காகத் திருப்பிக் கொடுப்பதற்காகத்தான். அந்த வேலையை அது அருமையாகச் செய்கிறது.

உங்கள் கிராஷ் நடக்கும் விதத்தை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். அப்ளிகேஷன் ரீட் கூப்பிட்டு, டேட்டா வரட்டும் என்று உங்கள் வெயிட் கியூவில் (காத்திருப்பவர்களின் வரிசை) தூங்குகிறது. அந்த வெயிட் கியூ உங்கள் ஸ்ட்ரக்டுக்குள்ளேயே இருக்கிறது. கேபிள் பிடுங்கப்படுகிறது. ஹப்பின் ஒர்க்கர் த்ரெட் அதைக் கவனித்து, பாக்கியிருக்கும் யூஆர்பிகளை (யூஎஸ்பி வழியாக அனுப்பிய டேட்டா கோரிக்கைகள்) முதலில் பிழையோடு முடித்துவைக்கிறது; கோரிக்கை முடிந்ததும் கூப்பிடப்படும் உங்கள் கம்ப்ளீஷன் ஹேண்ட்லர் ஓடி, தூங்கும் ரீடை எழுப்புகிறது. அப்புறம் அதே ஒர்க்கர் உங்கள் டிஸ்கனெக்டைக் கூப்பிடுகிறது, அது முடிந்ததும் டெவ்எம் மெமரியை விடுவிக்கிறது. இதே நேரத்தில் இன்னொரு சிபியுவில் ரீட் கண் விழித்து ஸ்ட்ரக்டைத் தொடப் போகிறது. ரீட் முந்தினால் பிழைத்தீர்கள், ஒர்க்கர் முந்தினால் விழுந்தீர்கள். பத்தில் மூன்று என்று நீங்கள் எண்ணியது இந்த ஓட்டப் பந்தயத்தின் முடிவைத்தான் என்று நினைக்கிறேன். பந்தயத்தில் ரீட் தப்பித்தாலும் கதை முடியவில்லை, ஏனென்றால் அப்ளிகேஷன் கடைசியில் ஃபைலை மூடும்போது உங்கள் ரிலீஸ் ஃபங்ஷன் அதே செத்த ஸ்ட்ரக்டைத் தொடுகிறது. அந்த இடத்தை அதற்குள் வேறு யாரும் வாங்கியிருக்காவிட்டால் பழைய மதிப்புகள் அப்படியே கிடக்கும், எதுவும் நடக்காதது போலத் தெரியும். வேறு யாராவது வாங்கியிருந்தால், நீங்கள் அவர்களுடைய டேட்டாவில் எழுதிவிட்டுப் போவீர்கள், கிராஷ் சம்பந்தமே இல்லாத இடத்தில் வரும்.

நல் செக் ஏன் பாதிதான் உதவியது என்பதும் இதிலேயே இருக்கிறது. ஃபைலின் பிரைவேட் டேட்டாவில் இருக்கும் பாயிண்டரை டிஸ்கனெக்டால் போய் மாற்ற முடியாது, அதற்கு அந்த ஃபைல் எது என்றே தெரியாது. அதனால் ஸ்ட்ரக்டுக்குள் இருக்கும் யூஎஸ்பி பாயிண்டரை நல் ஆக்கி, ரீடில் அதைச் சோதிக்கிறீர்கள். விடுவிக்கப்பட்ட மெமரிக்குள் ஒரு புலத்தைப் படித்து, மெமரி உயிரோடு இருக்கிறதா என்று அதனிடமே கேட்கிறீர்கள். மெமரி உயிரோடு இருக்கும்போதுகூட, சோதித்த கணத்துக்கும் பயன்படுத்தும் கணத்துக்கும் நடுவில் டிஸ்கனெக்ட் நுழையலாம். தயவுசெய்து அந்தச் செக்கை எடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். அது பக்கைச் சரிசெய்யவில்லை, அரிதாக்கியிருக்கிறது. அரிதாக வரும் பக்கைப் பிடிப்பது இன்னும் கஷ்டம்.

நீங்கள் ஒட்டியிருந்த ஊப்ஸைப் பார்த்தேன். ஸ்லப் டீபக் (மெமரித் தப்புகளைக் கண்டுபிடிக்க உதவும் கர்னல் ஆப்ஷன்) வைத்து ஓட்டியது நல்ல காரியம். அதில் முகவரி 6பி6பி6பி6பி6பி6பி6பி83 என்று இருக்கிறது. ஸ்லப் டீபக் இருக்கும்போது, விடுவித்த மெமரியை, பதினாறடிமானத்தில் 6பி என்ற பைட்டால் கர்னல் நிரப்பிவைக்கும். எனவே செத்த ஸ்ட்ரக்டுக்குள் இருந்து ஒரு பாயிண்டரைப் படித்திருக்கிறீர்கள், கிடைத்தது முழுக்க 6பி, அந்த முகவரியில் 24 பைட் தள்ளியிருக்கும் ஒரு புலத்தைத் தொடப் போயிருக்கிறீர்கள். 83-லிருந்து 6பியைக் கழித்தால் பதினாறடிமானத்தில் 18, அதாவது 24. 64 பிட் எக்ஸ்86-ல் இது செல்லுபடியாகாத முகவரி, அதனால்தான் வழக்கமான பேஜ் ஃபால்ட்டுக்குப் பதில் ஜெனரல் புரொடக்‌ஷன் ஃபால்ட் வந்திருக்கிறது. ஸ்ட்ரக்டில் எந்தப் புலம் எத்தனையாவது பைட்டில் இருக்கிறது என்று காட்டும் பாஹோல் என்ற மென்பொருளில் உங்கள் ஸ்ட்ரக்டில் உள்ள பாயிண்டர்கள் சுட்டும் வகைகளை ஒவ்வொன்றாகப் போட்டு, எதில் 24-வது பைட்டில் நீங்கள் தொடும் புலம் வருகிறது என்று பாருங்கள். எந்த வரி என்று கண்டுபிடிக்க அது உதவும்.

இதுவரை உறுதியாகத் தெரிவது, விடுவித்த மெமரியைத் தொடுகிறீர்கள் என்பது. விடுவித்தது டெவ்எம்தான் என்பது பலமான ஊகம், ஆனால் நீங்கள் போட்ட ஊப்ஸில் விடுவித்தவரின் ஸ்டாக் (ஃபங்ஷன்கள் ஒன்றையொன்று கூப்பிட்ட வரிசை) இல்லாததால் சத்தியம் செய்ய மாட்டேன். அதற்கு காசான் என்ற, கர்னலின் மெமரிச் சோதனை வசதி வேண்டும். 2015-ல் 4.0 கர்னலில் வந்தது. ஒவ்வொரு 8 பைட் மெமரிக்கும் ஒரு பைட் கணக்கு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தொடுகையையும் சரிபார்க்கும். ஓட்டம் மெதுவாகும், ஆனால் ரிப்போர்ட்டில் தொட்டவர், வாங்கியவர், விடுவித்தவர் என்று மூன்று ஸ்டாக்கும் சேர்ந்து வரும். நான் விடுவித்தவரின் ஸ்டாக்கைத்தான் முதலில் படிப்பேன். தொட்டவர் அநேகமாக அப்பாவி, தன் வேலையைச் செய்துகொண்டிருந்தவர்.

சரி, திருத்தத்துக்கு வருவோம். ஸ்ட்ரக்டை டெவ்எம் இல்லாமல் சாதாரணமாக வாங்குங்கள், உள்ளே ஒரு கேரெஃப் வையுங்கள். ப்ரோப்பில் அதை இனிஷியலைஸ் செய்யும்போது எண்ணிக்கை 1, அது ப்ரோப்பின் பங்கு. ஒவ்வொரு ஓபனும் ஒன்று கூட்டும், அதற்குரிய ரிலீஸ் ஒன்று கழிக்கும். டிஸ்கனெக்ட் ப்ரோப்பின் பங்கைக் கழிக்கும். யார் கழிக்கும்போது பூஜ்ஜியம் ஆகிறதோ அவர் மூலமாக மெமரி விடுவிக்கப்படும். இது மெமரியின் ஆயுளைப் பார்த்துக்கொள்கிறது. கருவியின் ஆயுளுக்கு கேரெஃப் எதுவுமே செய்யாது, பலர் சறுக்குவது இங்கேதான். கேரெஃப் இருப்பதால் ஸ்ட்ரக்ட் உயிரோடு இருக்கும், ஆனால் கேபிளின் மறுமுனையில் கருவி கிடையாது. டிஸ்கனெக்ட் திரும்பிய பிறகு அந்த இன்டர்ஃபேஸுக்கு எந்த யூஆர்பியும் அனுப்பக் கூடாது. அதற்காக ஸ்ட்ரக்டில் ஒரு மியூடெக்ஸும் (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பிடிக்கக்கூடிய லாக்), துண்டிக்கப்பட்டது என்று சொல்லும் ஒரு கொடியும் வேண்டும். கருவியிடம் பேசும் ஒவ்வொரு பாதையும் மியூடெக்ஸைப் பிடித்து, கொடியைப் பார்த்து, ஏறியிருந்தால் ஈநோடெவ் (கருவி இல்லை) பிழையைத் திருப்பிவிட்டு வெளியேற வேண்டும். இறங்கியிருந்தால் மியூடெக்ஸை விடாமலேயே யூஆர்பியை அனுப்ப வேண்டும்.

டிஸ்கனெக்டில் வரிசை முக்கியம். முதலில் யூஎஸ்பி டீரெஜிஸ்டர் டெவ், இனி புதிதாக யாரும் திறக்க முடியாது. அப்புறம் மியூடெக்ஸுக்குள் கொடியை ஏற்றி, மியூடெக்ஸை விட்டுவிட்டு, தூங்கும் ரீடர்களையெல்லாம் எழுப்புங்கள். தூங்குபவர்களின் நிபந்தனையில் டேட்டா வந்ததா என்பதோடு கொடி ஏறியதா என்பதும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எழுந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்கிவிடுவார்கள். பிறகு பாக்கி யூஆர்பியை நிறுத்த யூஎஸ்பி கில் யூஆர்பி. அது ஹேண்ட்லர் ஓடி முடியும்வரை நின்று காத்திருக்கும், அதனால் ஹேண்ட்லர் பிடிக்கும் எந்த லாக்கையும் கையில் வைத்துக்கொண்டு அதைக் கூப்பிடாதீர்கள். எல்லாம் முடிந்த பிறகே கேரெஃப் புட், அதாவது பங்கைக் கழிப்பது. ரீடில் மியூடெக்ஸைப் பிடித்தபடி தூங்குவதையும் தவிர்த்துவிடுங்கள். டிஸ்கனெக்ட் அதே மியூடெக்ஸுக்காகக் காத்து நின்றால், அந்த ஹப்பில் மற்ற கருவிகளின் வரவு போக்கும் சேர்ந்து நின்றுவிடும். போல், செலக்ட் என்ற சிஸ்டம் கால்களைப் போட்டுக் காத்திருக்கும் அப்ளிகேஷன்களுக்கு ஹங்கப் நிகழ்வையும் திருப்பிக் கொடுங்கள், இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கர்னல் சோர்ஸிலேயே யூஎஸ்பி ஸ்கெலிட்டன் என்று ஒரு மாதிரி டிரைவர் இருக்கிறது, இந்த எலும்புக்கூடு அதில் கிட்டத்தட்ட முழுசாக இருக்கிறது. அதை ஒரு தடவை வரி வரியாகப் படித்தவர்கள் இந்தத் தப்பைக் குறைவாகவே செய்கிறார்கள் என்பது என் அனுபவம்.

எல்லா இடத்திலும் கேரெஃப் போடலாமா என்றால், வேண்டாம். ஒரு ஃபங்ஷனுக்குள் பாயிண்டரை வாங்கி, அதே ஃபங்ஷனுக்குள் முடித்துக்கொண்டால், கூப்பிட்டவர் ஏற்கெனவே ஒரு பங்கு வைத்திருக்கும்வரை புதிதாக எடுக்கத் தேவையில்லை. பாயிண்டர் உங்கள் கையை விட்டு இன்னொரு த்ரெட்டுக்கோ, ஃபைலுக்கோ, டைமருக்கோ போகும்போது, போவதற்கு முன்னாலேயே எடுக்க வேண்டும். நான் ஒவ்வொரு கேரெஃப் கெட்டுக்கு (பங்கு எடுக்கும் வரி) மேலேயும் ஒரு வரி கமென்ட் எழுதுவேன்: இதை எந்த ஃபங்ஷன் திருப்பிக் கொடுக்கும் என்று. அந்த வரியை எழுத முடியவில்லை என்றால் அந்த கெட் அங்கே இருக்கக் கூடாது. இன்னொரு நுணுக்கம். ஏற்கெனவே பங்கு இல்லாத ஒருவர், ஒரு பட்டியலில் தேடிப் பாயிண்டரைக் கண்டுபிடித்து பங்கு எடுக்கிறார் என்றால், கண்டுபிடித்ததற்கும் எடுப்பதற்கும் நடுவில் கடைசி ஆள் விட்டுவிட்டுப் போயிருக்கலாம். யூஎஸ்பியின் மைனர் எண் (டிவைஸ் ஃபைலை அடையாளம் காட்டும் எண்) வழியாகத் திறக்கும்போது இந்த இடைவெளியை யூஎஸ்பி கோரே ஒரு லாக் வைத்து அடைத்திருக்கிறது. நீங்களே பட்டியல் வைத்திருந்தால், தேடுவதும் எடுப்பதும் ஒரே லாக்குக்குள் நடக்க வேண்டும், பட்டியலிலிருந்து நீக்குவதும் அதே லாக்குக்குள். 2017-ல் வந்த 4.11-லிருந்து கேரெஃப் உள்ளே ரெஃப்கவுண்ட் வகையைப் பயன்படுத்துகிறது. பூஜ்ஜியத்தில் இருப்பதைக் கூட்டப் போனால் கர்னல் லாகில் கத்தும். அந்த எச்சரிக்கை வந்தால், பூஜ்ஜியம் இல்லாவிட்டால் மட்டும் கூட்டு என்னும் ஃபங்ஷனுக்கு மாற்றி வாயை அடைத்துவிடாதீர்கள். பூஜ்ஜியமா என்று பார்ப்பதற்கே மெமரி உயிரோடு இருக்க வேண்டுமே.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்று, ஆனால் உங்கள் கோடில் இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன், ஏனென்றால் லாகர் என்றால் ஒரு நொடிக்கு ஒரு தடவை நிலைமையைக் கேட்கும் டைமர் இல்லாமல் இருக்காது. பல வருடம் முன்னால், தொழிற்சாலைக் கருவி செய்யும் ஒரு கம்பெனியில் இப்படி ஒரு பக் என் மேஜைக்கு வந்தது. வாரத்துக்கு ஒரு தடவை விழும், அதுவும் கருவியைக் கழற்றி ஒரு நொடி கழித்து. ரிமூவில் (டிஸ்கனெக்டுக்கு இணையான ஃபங்ஷன்) டைமரை முறையாக நிறுத்தியிருந்தார்கள், அடுத்த வரியில் ஒர்க்கையும் (பின்னணியில் ஓடத் தள்ளிவைத்த வேலை) முறையாக ரத்து செய்திருந்தார்கள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு வரியும் சரி. ஆனால் அந்த ஒர்க் தன் வேலை முடியும்போது டைமரை மறுபடி முடுக்கிவிடும். டைமர் நின்ற பிறகு, ஒர்க் ரத்தாவதற்கு முன்னால், ஓடிக்கொண்டிருந்த ஒர்க் டைமரை எழுப்பிவிட்டது. ஒரு நொடி கழித்து அந்த டைமர் அடித்தபோது ஸ்ட்ரக்ட் இல்லை. மூன்று நாள் போனது எனக்கு. இப்போது இதற்கென்றே டைமர் ஷட்டவுன் சிங்க் இருக்கிறது, 6.2 கர்னலிலிருந்து, அதைக் கூப்பிட்ட பிறகு யார் முடுக்கினாலும் டைமர் எழாது. பழைய கர்னலில் நிறுத்தும் கொடியை நீங்களே வைக்க வேண்டும். டைமரோ ஒர்க்கோ, இரண்டில் ஒன்று செய்யுங்கள்: டிஸ்கனெக்டில் அது முடியும்வரை காத்திருந்து நிறுத்துங்கள், அல்லது அதன் பெயரில் ஒரு பங்கு எடுத்துக் கொடுங்கள். இரண்டும் இல்லாமல் விடக் கூடாது.

டெவ்எம்மைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. க்ளாக், ரெகுலேட்டர், ரெஜிஸ்டர் மேப்பிங் போல, கருவி இருக்கும்வரை மட்டும் அர்த்தமுள்ள எல்லாவற்றுக்கும் அதுவே சரி. யூசர்ஸ்பேஸ் ஃபைல் வழியாக எட்டக்கூடிய ஸ்ட்ரக்டுக்கு அது சரியில்லை. 2022 லினக்ஸ் பிளம்பர்ஸ் மாநாட்டில் லாரன்ட் பின்சார்ட் என்ற கர்னல் டெவலப்பர் இதைப் பற்றித் தனியாகவே ஒரு பேச்சுக் கொடுத்தார். கிராஃபிக்ஸ் டிரைவர்கள் பக்கம் டிஆர்எம்எம் என்று ஒரு ஃபங்ஷன் குடும்பமே வந்துவிட்டது, அது டிஆர்எம் (கர்னலின் கிராஃபிக்ஸ் பகுதி) டிவைஸின் கடைசிப் பங்கு விடப்படும்போதுதான் மெமரியை விடுவிக்கும். இரண்டையும் கலப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது: பிளாட்ஃபார்ம் டிரைவரில் (போர்டிலேயே இருக்கும் கருவிக்கானது) இன்டரப்ட்டை (கருவி சிபியுவைக் கூப்பிடும் சமிக்ஞை) டெவ்எம் வழியாக வாங்கி, ஸ்ட்ரக்டைச் சாதாரணமாக வாங்கி ரிமூவில் கேஃப்ரீ கூப்பிட்டு விடுவித்தால், ரிமூவுக்குப் பிறகுதான் இன்டரப்ட் விடுவிக்கப்படும். அந்தச் சின்ன இடைவெளியில் இன்டரப்ட் வந்தால் ஹேண்ட்லர் செத்த ஸ்ட்ரக்டைத் தொடும். டீபக் ஷேர்ட் ஐஆர்க்யூ ஆப்ஷனை ஆன் செய்தால், பகிரப்படும் இன்டரப்ட்டுகளில் விடுவிக்கும் நேரத்தில் கர்னலே ஹேண்ட்லரை ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்கும், இந்தத் தப்பு உடனே வெளியே வந்துவிடும்.

ஃபைல் ஆபரேஷன்ஸில் ஓனர் புலத்தில் என் மாட்யூலைப் போட்டிருக்கிறேன், ஃபைல் திறந்திருக்கும்போது மாட்யூலைக் கழற்றவே முடியாது, அதனால் பாதுகாப்புதான் என்று ஒரு நம்பிக்கை பலரிடம் உண்டு. அது கோடைக் காப்பாற்றும், டேட்டாவைக் காப்பாற்றாது. சிஸ்எஃப்எஸ்ஸில் (கர்னல் தன்னிடம் உள்ளவற்றை ஃபைல்களாகக் காட்டும் இடம்) டிரைவரையும் கருவியையும் பிரிக்கும் அன்பைண்ட் ஃபைலில் கருவியின் பெயரை எழுதினால், யார் திறந்து வைத்திருந்தாலும் டிஸ்கனெக்ட் ஓடும். ரிமூவில் பிழை திருப்பித் தடுக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம், கருவி போவதை மறுக்கும் உரிமை டிரைவருக்கு எப்போதும் இருந்ததில்லை.

சோதனை பற்றிக் கடைசியாக. திருத்துவதற்கு முன்னால் பக்கை எப்போதும் வரும்படி செய்யுங்கள். ரீடில் தூக்கத்திலிருந்து எழுந்த உடனே, அடுத்த வரிக்கு முன்னால், தற்காலிகமாக ஐந்து நொடி எம்ஸ்லீப் (தூங்கவைக்கும் ஃபங்ஷன்) போடுங்கள். கேபிளைப் பிடுங்குங்கள். பத்தில் மூன்று பத்தில் பத்தாக மாறினால், பந்தயம் பற்றி மேலே சொன்னது சரி. திருத்திய பிறகு அதே எம்ஸ்லீப்பை வைத்துக்கொண்டே மறுபடி பிடுங்குங்கள், அப்போது ரீட் ஈநோடெவ் தந்து அமைதியாகத் திரும்ப வேண்டும். பிறகு ஃபைலைத் திறந்து வைத்தபடி அன்பைண்ட், பைண்ட் இரண்டையும் ஒரு ஷெல் லூப்பில் காசானோடு இரவு முழுக்க ஓட விடுங்கள். கையால் கேபிள் பிடுங்கி அலுத்துவிட்டால், டம்மி எச்சிடியும் (போலி யூஎஸ்பி கன்ட்ரோலர்) 5.7 கர்னலில் வந்த ரா கேட்ஜெட்டும் (போலிக் கருவியை உருவாக்கும் வசதி) சேர்ந்து மென்பொருளிலேயே கருவியைச் செருகவும் கழற்றவும் விடும். சிஸ்காலர் என்ற கர்னல் சோதனை மென்பொருள் யூஎஸ்பி டிரைவர்களைச் சோதிப்பது இந்த வழியில்தான்.

காசான் ரிப்போர்ட் கிடைத்ததும் விடுவித்தவரின் ஸ்டாக்கை மட்டும் இங்கே ஒட்டுங்கள். அதில் டிவைஸ் அன்பைண்ட் க்ளீனப், டெவ்ரெஸ் ரிலீஸ் ஆல் என்ற பெயர்கள் இருந்தால் மேலே சொன்ன திருத்தம் போதும். உங்கள் டிஸ்கனெக்டிலிருந்தே நேராக ஒரு கேஃப்ரீ தெரிந்தால், வேறு ஏதோ ஒன்றை நீங்களே கையால் விடுவிக்கிறீர்கள், அப்போது ப்ரோப்பின் பிழைப் பாதையையும் சேர்த்துப் போடுங்கள், பார்க்கிறேன்.